சைக்கிள் சாவிகள்

என் இடுப்பில் பதினோரு சாவிகள்.
ஒன்றுகூட வீட்டுச் சாவி இல்லை.

மாதத்தில் ஒருநாள்
ஒசாகாவின் நிஷினாரியில்
கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு எதிரே
எக்ஸ்ரே வண்டி வந்து நிற்கும்.
பக்கவாட்டில் ஒரு கதவு, மூன்று படி.
ஏறி, சட்டையைத் தூக்கி,
நெஞ்சைப் பலகையில் ஒட்டி
மூச்சை இழுத்துப் பிடித்தால்
ஒரு நிமிடம்கூட ஆகாது.
அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் கூட்டி வருவது என் வேலை.
அதற்கு மாதம் முழுக்க ஆகிறது.

காலை மூன்றரைக்கே போனால்தான் உண்டு.
காலி டின் பொறுக்குகிறவர்கள்
குப்பை லாரியை முந்தியாக வேண்டும்.
பாலத்தடியில், நீலத் தார்ப்பாய்களுக்கு வெளியே நின்று
காது கொடுத்துக் கேட்பேன்.
குறட்டை என்றால் அடுத்த கூடாரம்.
இருமல் என்றால் உட்கார்ந்துவிடுவேன்.

"எத்தனை வாரமா?"
"சிகரெட் இருமல்."
இங்கே எல்லோருக்கும் சிகரெட் இருமல்தான்.
இவாசேவுக்கும் அப்படித்தான் இருந்தது,
சிகரெட் வாங்கக் காசில்லாத மாதங்களிலும்.

தோகுஜி வேறு மாதிரி.
சாரம் கட்டி நாற்பது வருடம் உயரத்தில் நின்ற ஆள்.
கன்னம் ஒட்டிவிட்டது,
இரவில் சட்டை நனைகிறது.
கேட்டால் சிரிக்கிறார்:
ஆறிலும் சாவு, நூறிலும் சாவு.

ஆறு மாதம், என்றேன்.
ஆறு மாதம் மாத்திரை. காசு கேட்க மாட்டார்கள்.
நர்ஸ் குசகாபேயின் கண்ணெதிரே விழுங்க வேண்டும்,
அவள் உன் பல்லிடுக்கைக்கூட நம்ப மாட்டாள்.
முதல் நாளே மூத்திரம் ஆரஞ்சாகப் போகும்.
பயந்து ஓடாதே. அது மருந்தின் சாயம்.
இரண்டாம் மாதம் உடம்பு தேறிவிடும்,
பசிக்கும், ஏணி ஏறலாம் போலிருக்கும்.
அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.
நானும் நிறுத்தினேன், முதல் தடவை.

அவர் பேசவில்லை.
டின்னைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

குளிர் வந்தால் தங்குமிடத்தில்
ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறுபது பேர்.
போர்வை ஆளுக்கொன்று, தட்டு ஆளுக்கொன்று.
காற்று மட்டும் பொது.
உன்னிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து
நேற்று வந்து படுத்த பையனுக்கு.
இதைச் சொன்னபோதுதான்
கால் நின்றது.

"சைக்கிள்?" என்றார்.

அவருக்கு எக்ஸ்ரேவில் பயமில்லை, நோயிலும் இல்லை.
ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டால்
வெளியே நிற்கும் வண்டியை
நகராட்சி லாரி அள்ளிப் போய்விடும்.
சைக்கிள் போனால் டின் போச்சு,
டின் போனால் சோறு போச்சு.
எனக்குப் போயிருக்கிறது. மூன்று மாதம் கழித்து
நல்ல நுரையீரலோடு திரும்பி வந்தேன்,
கூடாரம் இருந்த இடத்தில் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள்.

அதனால்தான் இந்தச் சாவிகள்.
பொதுக் குளியலறை நடத்தும் நிஷிகிடா அம்மாள்
கொதிகலன் அறைக்குப் பின்னால் இடம் கொடுத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் காற்றடிப்பேன்.
இவாசேயினுடையதற்கும்.
அதைக் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை,
ஆனாலும் டயர் பாவம்.

வண்டி வந்த நாளில் தோகுஜி வந்தார்.
முகம் கழுவி, தலை வாரி,
ஏதோ வேலைக்கு ஆள் எடுப்பதுபோல.
படத்தில் வலது மேல் மூலையில்
மேகம்போல ஒன்று.
டாக்டர் அதைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார்.

டின் மூடியில் கோத்த சாவியை
என் கையில் வைத்து அழுத்தினார்.
"அரை மூட்டை இருக்கு, வித்துடு.
விலை குறைஞ்சிருந்தா விக்காதே."

திரும்பி வரும் வழியில் எனக்கே ஒரு இருமல்.
முழங்கை மடிப்பில் முகம் புதைத்து இருமினேன்.
சிகரெட்,
என்று சொல்லிக்கொள்வதற்கு முன்
தேதியைக் குறித்துக்கொண்டேன்.